பேத்தோவனில் எனக்குப் பிடித்த ஐந்து

கல்யாணமாகிப் பதினோராவது வருஷத்தில், தினமும் கால்மணி நேரத்தை எனக்கே எனக்கென்று வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன். புதுச்சேரியில் அப்போது எல்லோரும் ஏதாவது உரிமை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டது பதினைந்து நிமிஷம்.

தைரியம் கொடுத்தவன் என் மனைவி ஆனந்தமேரியின் தம்பி க்சாவியே. சைகோனில் சுங்க இலாகாவில் வேலை. 1937இல் லீவில் வந்தபோது ஒரு கிராமபோனும் பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் கொண்டுவந்தான். அத்தனையும் ஜெர்மன் சங்கீத மேதை பேத்தோவன்.

"மாமா, கிராமபோன் உங்களுக்குத்தான். தட்டு எல்லாத்தையும் குடுக்க மனசு வரலை. புடிச்சதா அஞ்சு மூவ்மான் சொல்லுங்க. அதை விட்டுட்டுப் போறேன்."

ஒரு சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதிகளாக இருக்கும், அதில் ஒரு பகுதிக்குத்தான் மூவ்மான் என்று பெயர் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்புமுன் ஆனந்தமேரியிடம் பேச்சை எடுத்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் ஒரு பகுதி கேப்பேன். அது முடியற வரைக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது."

"கூப்பிட்டா?"

"ரசனை கெட்டுப்போயிடும்."

"எவ்வளவு நேரம் ஓடும் அது?"

"எனக்கென்ன தெரியும்? ஒரு பாட்டு நேரந்தான்."

அவள் செதிலைத் தட்டிவிட்டு யோசித்தாள். "சரி. ஒரு பகுதி முடியற வரைக்கும் நானா உங்களைக் கூப்பிட மாட்டேன். மாதா மேல சத்தியம்."

இவ்வளவு சுலபமாகக் கிடைத்த எதையும் சந்தேகப்பட வேண்டும் என்று பதினோரு வருஷம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அன்றைக்கு மறந்துவிட்டேன்.

அன்று மாலையே தேர்வு ஆரம்பமாயிற்று. தினம் ஒன்று, ஒன்பது நாள். க்சாவியே கிராமபோனை யாரையும் தொட விடமாட்டான். அவனே சாவி கொடுப்பான், அவனே ஊசி மாற்றுவான், பக்கத்திலேயே நிற்பான். நான் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருப்பேன். ஒரு கண்ணை மட்டும் அவ்வப்போது திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தேர்ந்தெடுத்தது காதால் அல்ல. எது நீளமோ அது எனக்குப் பிடித்தது.

மூன்றாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதி, சாவு ஊர்வலம். கால்மணிக்கு மேல் போயிற்று. ஆனந்தமேரி அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்டாள்.

"இதுல யாரு செத்தாங்க?"

"ஒரு வீரன்."

"இன்னுமா எடுக்கலை?"

ஆறாவதில் இரண்டாம் பகுதி, ஒரு ஓடை. பன்னிரண்டு நிமிஷம். அரியாங்குப்பத்து ஆற்றில் சாயங்காலம் தண்ணீர் போவது மாதிரி இருக்கிறது என்றேன். க்சாவியே நெகிழ்ந்துபோனான். ஒன்பதாவதில் மூன்றாம் பகுதி, பதினாறு நிமிஷம். வானம் திறப்பது போல் இருக்கிறது என்றேன். இதை எழுதும்போது பேத்தோவனுக்குக் காது சுத்தமாகக் கேட்காது என்றான் க்சாவியே.

"அதான் இவருக்குப் புடிக்குது," என்றாள் ஆனந்தமேரி. "அவருக்கு நெசமாவே கேக்கலை. இவரு கேக்காத மாதிரி இருப்பாரு."

ஐந்தைச் சொன்னேன். எல்லாமே மெதுவான பகுதிகள். "ப்ரவோ மாமா," என்று கையைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆழம் இருக்குன்னு நெனைக்கவே இல்லை." எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. கப்பல் பாலத்தில் அவனை வழியனுப்பிவிட்டு வேகமாக வீடு திரும்பினேன்.

ஆறு மணி. ஒன்பதாவதின் மூன்றாம் பகுதியை வைத்தேன். சாய்ந்தேன். கண்ணை மூடினேன். வானம் திறந்துகொண்டிருந்தது.

நாலு நிமிஷத்தில் நின்றுவிட்டது.

தட்டு தீர்ந்து ஊசி கிர் கிர் என்று தேய்ந்தது. திருப்பிப் போட வேண்டும். ஒன்பது நாளும் க்சாவியே பக்கத்திலேயே நின்றது இதற்காகத்தான். நடுநடுவே வந்த மௌனங்களையும் பேத்தோவன் எழுதியதென்றே நினைத்திருந்தேன்.

எழுந்தேன்.

"எழுந்துட்டீங்களா? அப்படியே கொடியில இருக்கற துணியை எடுத்துட்டு வந்துடுங்க."

"பகுதி முடியலை, மேரி. சத்தியம் பண்ணியிருக்கே."

"முடியலைன்னா சத்தம் எங்க?"

"திருப்பிப் போடணும்."

"போடுங்க. நான் கூப்பிட்டேனா? நீங்களா எழுந்து நிக்கிறீங்க. நிக்கிறவரைக் கேட்டேன்."

துணியை எடுத்தேன். இரண்டாம் பக்கம் முடிந்ததும் கோழிகளை அடைத்தேன். மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு இரண்டு குடம் தண்ணீர் இறைத்தேன். நாலாம் பக்கம் முடியும்போது எனக்கு மூச்சு வாங்கியது. வானம் திறந்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் எழுந்திருக்கவில்லை. ஊசி தேயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"ஊசி போச்சுன்னா சைகோன்லேருந்துதான் வரணும்," என்றது அடுப்படிக் குரல்.

"நீ வந்து திருப்பிப் போடேன்."

"ஐயோ, நான் மாட்டேன். யாரும் தொடக் கூடாதுன்னு தம்பி சொல்லியிருக்கான்."

இப்படி வருஷக்கணக்கில் ஓடியது. சாவு ஊர்வலத்துக்கு மூன்று வேலை, ஓடைக்கு இரண்டு. இத்தனைக்கும் நடுவில், எனக்குத் தெரியாமலே, பேத்தோவன் எனக்குப் பிடித்துப்போனார். கிணற்றடியில் கயிற்றை இழுக்கும்போது அடுத்த பக்கம் எப்படி ஆரம்பிக்கும் என்று மனசு முன்னால் போய் நிற்கும். ஆனந்தமேரிக்கும் பிடித்ததா தெரியாது. ஓடையை முணுமுணுத்தபடி அவள் மீன் கழுவியதை இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இப்போது பையன் வாங்கித் தந்த, நீண்ட நேரம் ஓடும் புதுமாதிரித் தட்டில் ஒன்பதாவதின் மூன்றாம் பகுதி ஒரே மூச்சில் ஓடிவிடுகிறது. எழுந்திருக்கவே வேண்டாம். ஆனாலும் நாலாவது நிமிஷத்தில் கால் தானாக ஊன்றுகிறது. யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: அந்த முதல் மாதத்திலேயே நான் சைகோனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தட்டுகளைத் திருப்பி அனுப்புகிறேன், ஒரே பக்கத்தில் முடிகிற பகுதியாகப் பேத்தோவன் ஏதாவது எழுதியிருந்தால் மாற்றி அனுப்பு என்று கேட்டேன். நாலு நிமிஷமானாலும் முழுசாக இருக்கட்டும். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது.

"மாமா, அந்த மாதிரி சின்னது ஏழெட்டு கையோடு கொண்டுவந்திருந்தேன். தேர்வு தொடங்கிய அன்று மத்தியானம், நீங்கள் ஆபீசில் இருக்கும்போது, அக்கா அதையெல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை தடவை எழுந்து தட்டு மாற்ற வேண்டும் என்று என்னைக் கேட்டு, அதிகமாக இருந்த ஒன்பதை எடுத்து வெளியே வைத்ததும் அக்காதான். நீங்கள் சொல்லித்தான் செய்கிறது என்று நினைத்தேன்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். சத்தமாகப் படித்தேன். ஆனந்தமேரி குழம்பைக் கிளறியபடி முழுவதும் கேட்டாள்.

"ஒம்பதுதான் நான் எடுத்து வெச்சேன்," என்றாள். "அதுல அஞ்சு நீங்களா புடிச்சுத்தான் எடுத்தீங்க. அதுல நான் தலையிடவே இல்லையே."