சுவரில் இருக்கும் உளவாளி நானில்லை அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் மாமாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். என் நலம் இப்போதைக்கு விசாரணையில் இருக்கிறது.

நான் வேலை செய்யும் படம் அந்தக் காலத்து உளவாளிக் கதை. செய்யாத குற்றத்துக்கு ஊரே துரத்தும் ஓர் அப்பாவிதான் நாயகன். அவனைத் தேடும் சுவரொட்டிகளைத் தெருவில் ஒட்ட வேண்டும். நாயக நடிகர் போட்டோ எடுக்க வரவில்லை. தூரத்தில் தெரிவதுதானே என்று, விளக்கு சரிபார்க்கும்போது அவருக்குப் பதிலாக நிற்கும் என் மூஞ்சியைப் போட்டுவிட்டார் இயக்குநர். படப்பிடிப்பு நடந்ததோ நான் குடியிருக்கும் தெருவில், எல்லாரும் தூங்கும் நடுராத்திரியில். காட்சி முடிந்ததும் விளக்கைக் கழற்றினார்கள், நாற்காலிகளை எண்ணி ஏற்றினார்கள், சுவரில் இருந்த என்னை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் இஸ்திரிக்காரர் என் சட்டையைத் தேய்க்காமலே திருப்பித் தந்தார். காவலர் வந்தார். சுவரொட்டியில் இருக்கும் வருடத்தைப் பாருங்கள் ஐயா, அப்போது என் அப்பாவே பிறக்கவில்லை என்றேன். நிதானமாகப் பார்த்தார். "அப்பவே ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

சினிமா என்று சொல்லியிருக்கலாமே என்பாய். கதையை வெளியே சொன்னால் வேலை போய்விடும் அக்கா. இதையும் படித்ததும் கிழித்துவிடு. இயக்குநரிடம் ஓடினேன். அப்பாவி அடிபடும் காட்சியைத் திரையில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறுத்துக்கப்பா, படம் வந்தா எல்லாருக்கும் தானா தெரிஞ்சிடும்" என்றார். அழகா இருக்கிற அப்பாவிக்குத்தான் அழுவாங்க போல அக்கா. பெரிய மனுஷன் மூஞ்சி அந்தச் சுவத்துல இருந்திருந்தா, யாரோ இவர மாதிரியே இருக்கான்னு சிரிச்சிட்டுப் போயிருப்பாங்க. என் மூஞ்சியப் பாத்ததும் தெருவுக்கே சந்தேகம் தீந்துடுச்சு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சொந்தக்காரர் யாராவது வந்து இவன் நல்லவன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சாமான் தெருவில் என்கிறார் வீட்டுக்காரம்மா. நீயும் மாமாவும் உடனே கிளம்பி வாருங்கள். மாமாவிடம் அந்தக் கறுப்புக் கண்ணாடி மட்டும் போட வேண்டாம் என்று சொல்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அறையிலும் சுவரிலும் இருக்கும்,
உன் தம்பி

பின்குறிப்பு: வர வேண்டாம். அறையை நானே காலி செய்துவிட்டேன். நாயகன் நிரபராதி என்று தீர்ப்பாகும் காட்சி இழுக்கிறது என்று வெட்டிவிட்டார்களாம். சுவரொட்டி இருக்கிறது, திரை முழுக்க. படம் வரும் முதல் நாளே பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டு. "மாமா" என்று கத்தினால் மட்டும் வாயைப் பொத்திவிடு.