இடப்பக்கத்துப் பள்ளம்

சமையல் மேடைப் பலகை உட்காரவில்லை. குழாய்க்காக வெட்டிய பள்ளம் இடப்பக்கம் இருந்தது. சமையலறைக் குழாயோ வலப்பக்கம் நின்றது.

சைமன்ராஜ் பலகையை இழுத்து இன்னொரு தரம் வைத்துப் பார்த்தான். வடக்குத்து ஊரில் முதலாளி கிறிஸ்துதாஸின் மரப்பட்டறையில் இதுவரை பிளைவுட் சுமந்தவன், கம்ப்யூட்டரில் படம் போடும் கேட் சாஃப்ட்வேரைத் தட்டுத்தடுமாறிக் கற்றிருந்தான். முதலாளி அளவெடுத்துக் கொடுத்து, இவன் வரைந்து, அந்தப் படத்தின்படி தானாக வெட்டும் சி.என்.சி. மெஷின் வெட்டிய முதல் பலகை இது. பொருந்தினால் ஆபரேட்டர், இல்லையென்றால் பழையபடி சுமைதான்.

"திருப்பிப் போட்டுப் பாரேன் தம்பி" என்றாள் வீட்டம்மாள்.

திருப்பினான். பொருந்தியது. ஆனால் மேலே பளபளக்க வேண்டிய மைக்கா அடியில் போய்விட்டது.

"படுத்துகினு பாத்தாதான் அழகு தெரியும் போலருக்கு!"

"இருங்கம்மா, வேற கொண்டாந்துடுறேன்."

பட்டறைக்கு ஓடினான். 'மிரர்' என்று ஓர் அழுத்து. வளைவு, பள்ளம், துளை எல்லாம் கண்ணிமைப்பதற்குள் மறுபக்கம் போய் நின்றன.

"மாதாவே!" சிலுவை போட்டுக்கொண்டான். இத்தனை பெரிய அதிசயத்தை ஒற்றை விரலால் செய்ய முடிகிறதே என்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. புதுப் பலகையை மைக்கா கீழே இருக்கும்படி மெஷினில் படுக்கவைத்துவிட்டான். திரையில் மாறிய இடமும் வலமும் பலகையில் இன்னொரு தரம் மாறின. முதல் பலகைக்கு ஒரு தம்பி பிறந்ததுதான் மிச்சம்.

அந்த நிறத்தில் இனி ஒரே பலகைதான் இருந்தது. அதுவும் முதலாளி தன் வீட்டு மாதா பீடத்துக்கென்று ஒதுக்கி வைத்தது.

"ஆபரேட்டர் ஆயிட்டா புதுசே வாங்கி வெச்சிடுறேன் தாயே" என்று அதையும் எடுத்தான்.

இந்த முறை மைக்கா மேலே. வெட்டும் முனை இறங்கி, தயங்காமல், நூல் பிசகாமல் அவன் போட்ட வளைவில் ஓடியது. நான் போட்ட கோடா இது என்று சைமன்ராஜ் குனிந்து குனிந்து பார்த்தான்.

முதலாளி கண்ணில் படக்கூடாதே என்று, வீணான இரண்டு பலகைகளையும் சப்பாத்திப் பலகைகளாக வெட்டித் தள்ளினான். அந்த வட்டங்களையும் ஒரு நிமிடம் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

மூன்றாவது பலகை பொருந்தியது. இடுக்கில் காகிதம்கூட நுழையாது. வீட்டம்மாள் வாயைப் பிளந்தாள்.

"செவுத்தோட சேத்துக் கட்டுனாப்ல இருக்குதே தம்பி!"

சைமன்ராஜ் வாசலுக்குப் போய்ப் போன் போட்டான்.

"முதலாளி, உக்காந்துகிச்சு!"

"காந்திமதி அம்மா என்னடா சொல்றாங்க?"

"கண்ண எடுக்காம பாத்துகினு நிக்கிறாங்க முதலாளி."

"அப்ப நாளையிலேருந்து மெஷின் உன் பொறுப்பு!"

காற்றில் மிதந்து உள்ளே வந்தான். ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் மனைவி குழைந்துகொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஆர்டர் குடுத்திருக்கீங்களே!"

"நானா? நான் எங்க குடுத்தேன்?"

"காந்திமதி அம்மா ஆர்டருங்க" என்றான் சைமன்ராஜ்.

அவர் பலகையைத் தடவினார். அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க வூடு பக்கத்து வூடு தம்பி. ரெண்டு குவார்ட்டர்ஸும் ஒரே மாதிரிதான், ஆனா அவங்க வூட்டுல கொழாய் இடப்பக்கம் இருக்கும்."