தலைக்கடியிலிருந்து போன தலையணை

மெத்தைக் கடைக்காரர் அன்று ஒரு முடிவோடுதான் வீட்டுக்குள் நுழைந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"போலீசுக்குப் போறேன். சட்டையை எடு."

"போட்டிருக்கீங்களே," என்றாள் மனைவி.

"நல்ல சட்டை! கடையில திருட்டு. பட்டுறை போட்ட தலையணை ஒண்ணு போயிடுச்சு."

அவர் கடையில் மதியம் என்பது ஒரு தனி உலகம். மெத்தைகள் கூரை முட்ட அடுக்கியிருக்கும். தெருவின் இரைச்சலெல்லாம் உள்ளே வந்ததும் பஞ்சில் விழுந்து பஞ்சாகிவிடும். வெயில் கீற்றில் தூசி ஏறுவதா இறங்குவதா என்று யோசித்துக்கொண்டே நிற்கும். கடைக்காரர் கல்லாவில்தான் உட்கார்ந்திருப்பார். எப்போது மெத்தைக்கு வந்து சேர்ந்தார் என்பது அவருக்கே தெரியாது. இன்று கனவில் ஒரு மேகத்தில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தார். மேகம் மெல்ல நழுவியது. விழித்தால், தலை வெறும் மெத்தையில் கிடந்தது.

இதில் பாதியைத்தான் மனைவியிடம் சொன்னார். மீதிக்கு அவள் வழி வைத்திருந்தாள்.

"சரி, நான்தான் இன்ஸ்பெக்டர். சொல்லுங்க, எப்ப போச்சு?"

"மதியம்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"கடையிலதான்."

"தலையணை எந்த அலமாரியில இருந்துது?"

"அலமாரியில இல்ல. கீழ..."

"எதுக்குக் கீழ?"

கடைக்காரர் பிடரியைத் தடவினார். "என் தலைக்குக் கீழ."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "தலைய விட்டுட்டுப் போயிருக்கான். அதுல எடுத்துக்க ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சிருக்கு."

"கிண்டல் பண்ணாத!"

"நானா? ஸ்டேஷனே பண்ணும். அப்புறம் இன்னிக்கு வா, நாளைக்கு வான்னு கடைய மூட வெச்சு அலைய விடுவாங்க. திருடன் கிடைச்சா தலையணை சாட்சியா உள்ள போயிடும். அதுல ஏட்டய்யா தூங்குவாரு. இதுக்கு எந்தக் கடைக்காரனாவது போய்ப் புகார் குடுப்பானா?"

"அப்ப என் மானம்?"

"ஸ்டேஷன் போனாத்தான் போகும்."

மறுநாள் மனைவியும் கடைக்கு வந்தாள். மதியம் ஒரு நர்ஸம்மா வந்து நின்றார். கக்கத்தில் அதே தலையணை!

"திருடி—" என்று எழுந்த கணவரின் காலை மனைவி மிதித்தாள். "வாங்கம்மா."

"நேத்து மூணு தடவ கூப்பிட்டேன். ஐயா எழுந்திருக்கல. எனக்குத் தூக்கம் வந்து மாசமாச்சுங்க. அவர் தூங்கறதப் பாத்ததும் எல்லாம் இந்தத் தலையணை மகிமைன்னு உருவிட்டேன். காசு வெச்சுட்டுப் போகலாம்னா, யாராவது திருடிடுவாங்களோன்னு பயம். இந்தாங்க காசு. நேத்து ராத்திரி நல்லாத் தூங்கிட்டேன். எங்க வார்டுல எல்லாரும் கேக்கறாங்க, இதே மாதிரி இன்னும் ஆறு குடுங்க."

ஆறையும் கட்டிக் கொடுத்துவிட்டு, மனைவி கணவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். துணி அளப்பதுபோல இருந்தது.

அடுத்த நாளே ஒரு மெத்தை கடை முகப்பின் கண்ணாடிச் சன்னலுக்கு வந்தது. அதன்மேல் கடைக்காரர். கல்லாவில் மனைவி. பெண்டாட்டி உத்தரவோடு தூக்கமா! அவருக்குப் புல்லரித்தது. ஆனால் கண்ணை மூடினால் காது திறந்துகொண்டது. கனவு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது.

"புரளாதீங்க. ஆள் வருது, கொஞ்சம் குறட்டை விடுங்க."

விட்டார். வந்தவர் சன்னலைக் காட்டி, "அது என்ன விலைங்க?" என்றார்.

"விலை மெத்தைக்கு மட்டும்தாங்க," என்றாள் மனைவி. "மேல கிடக்கறது இலவசம்."