கியருக்குக் கீழே எண்ணெய்

பாபு டெம்போவின் முன்சீட்டில் ஏறி, கியர் கம்பியை இரண்டு முழங்காலுக்கும் நடுவே விட்டு உட்கார்ந்த நேரத்தில்தான் ஜமாலிடமிருந்து போன் வந்தது. ஸ்டியரிங்கில் இருந்த இசக்கிராஜ் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணாச்சி, கியர் கே நீச்சே தேல் ஹை. தேக்கே பைட்டோ."

அதற்குள் சிக்னல் போய்விட்டது.

ஜமால், டெம்போக்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொள்பவன். மேலப்பாளையத்திலிருந்து புதிதாக வந்தவன். தாராவியில் தமிழை வைத்தே பிழைக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காமல், ஹிந்தி பேசியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவன்.

"என்ன அத்தான் சொல்லுதான்?" என்றான் பாபு. பெண் பார்க்கவென்றே நாங்குநேரியிலிருந்து வந்திருக்கும் மச்சினன், ஹிந்தி தெரியாது.

"கியருக்குக் கீழ எண்ணெய் இருக்காம். பாத்து உக்காரணுமாம்."

"எண்ணெய்க்கு எதுக்குப் பாத்து உக்காரணும்?"

"கசிஞ்சு பட்டுவேட்டில பட்டா நல்லாவா இருக்கும்? தேல்னா எண்ணெய் மாப்ள. இத்தன வருசமா பம்பாய்ல குப்ப கொட்டுதேன், எனக்குத் தெரியாதா?"

ஜன்னலோரம் தாம்பூலத் தட்டோடு உட்கார்ந்திருந்த இசக்கிராஜின் மனைவி தங்கமயில் வாட்சைப் பார்த்தாள். உல்லாஸ்நகரில் பெண்ணின் அப்பா கறார் பேர்வழி. ராகு காலத்துக்கு முன்னால் தட்டு மாற்றாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடலாம் என்று சொல்லியிருந்தார். பாபுவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்பது இசக்கிராஜின் கவலை.

வழியில் நின்றுவிட்டால் இன்னும் மோசம். ஒரு பக்கச் சக்கரத்தைச் சாக்கடை மூடிக்கல் மேல் ஏற்றி நிறுத்தி, அடியில் படுத்தான். கியர்பாக்ஸின் பக்கவாட்டு மூடியைத் திருகி விரலை விட்டான். ஓட்டை விளிம்பில் எண்ணெய் தொட வேண்டும். தொடவில்லை.

"பாத்தியா, பூரா ஒழுகிருச்சு."

எதிர்க் கடையில் ஒரு டப்பா கியர் ஆயில் வாங்கி, விரல் நனையும்வரை ஊற்றினான். சாய்ந்து நிற்கும் வண்டியில் எண்ணெய் மறுபக்கம் ஒதுங்கிவிடும் என்பது, வண்டி கல்லிலிருந்து இறங்கித் தெருமுனை போய், கூடுதலான எண்ணெய் சொட்டத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அத்தான், கால்ல என்னமோ குறுகுறுங்கு," என்றான் பாபு.

"நிச்சயம்னா அப்படித்தான் இருக்கும்."

கூடிப்போனதைக் கொஞ்சம் இறக்கினால் போதும் என்று மறுபடி அடியில் படுத்தான். கீழ் போல்ட்டை லேசாகத்தான் தளர்த்தினான். அது வழுக்கிக் கையை விட்டுத் துள்ளி, உருண்டு, சாக்கடைக்குள் போய்ச் சேர்ந்தது. பழைய எண்ணெய், புது எண்ணெய் எல்லாம் தெருவில் கொட்டியது.

தங்கமயில் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, லீக் எங்கங்க இருந்துச்சு?"

"இப்பதான் வந்திருக்கு."

அவள் தட்டோடு இறங்கி டாக்சி பிடிக்கப் போனாள்.

"நீயும் எறங்கு மாப்ள."

"கீழ பூரா எண்ணெயா கெடக்கு. வேட்டி போயிரும். டாக்சி வரட்டும், தாவி ஏறிக்கிடுதேன்," என்று பாபு கால்களை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டான்.

அப்போது ஜமால் ஓடி வந்தான், கையில் ஒரு செருப்போடு. இசக்கிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏல, தேல் இருக்குன்னு நீ சொன்னாலும் சொன்ன, உள்ள கெடந்த எண்ணெய் பூரா போச்சு. தட்டு மாத்த நேரமும் போகப் போவுது. நீ சொன்ன தேல் எங்கல?"

ஜமால் தெருவில் கிடந்த எண்ணெயைப் பார்த்தான். பிறகு பாபுவின் கால்களைப் பார்த்தான்.

"எண்ணெயா? அது கொடுக்கைத் தூக்கிக்கிட்டு நின்னதப் பாத்ததும் ஹிந்தியில அதுக்கு என்ன பேருன்னே வாயில வரல அண்ணாச்சி, அதான் தமிழ்லயே தேள்னு சொன்னேன்."