தேர்ச்சி பெறாத காற்று

அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் இலக்கு இருந்தே தீர வேண்டும். எங்கள் கல்வி அலுவலகத்தின் இலக்கு, எந்தப் பள்ளியிலும் எதுவும் முப்பத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது. எது என்று சுற்றறிக்கையில் சொல்லவில்லை. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

நான் அந்தப் பள்ளியில் தமிழாசிரியர். எனக்குப் பக்கத்து நாற்காலி வேதியியல் டீச்சருடையது. அவர் மகள் அங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு. அந்தப் பெண்ணுக்கும் வேதியியலுக்கும் ஆகவே ஆகாது. தினமும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மண்டையில் ஏற்றினால்தான் ஏதாவது ஏறும். "அவ பரீட்சை முடியற வரைக்கும் என்னை வேற ஊருக்கு மாத்திடக் கூடாது சார்" என்று டீச்சர் என்னிடம் புலம்பாத நாளில்லை.

அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கு வந்தார் அதிகாரி. எதைக் கண்டாலும் "எத்தனை சதவீதம்?" என்று கேட்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே சதவீதம்தான். முகத்துக்கு நேரே மட்டும் ஐயா.

லேப்புக்குள் நுழைந்தவர், தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்த சோதனைக்குழாயை உற்றுப் பார்த்தார்.

"இது ரெண்டும் ஏன் தனித்தனியா நிக்குது?"

"எண்ணெய் தண்ணியில கலக்காது ஐயா" என்றார் டீச்சர்.

"எடுத்துச் சொல்லிப் பார்த்தீங்களா?"

அடுத்து, மாணவர்கள் மணி கோத்துச் செய்திருந்த பாலிமர் சங்கிலி.

"சின்னச் சின்ன மூலக்கூறுங்க கைகோத்துக்கிட்டே நீளமா போகும் ஐயா. பிளாஸ்டிக் எல்லாம் அப்படித்தான்."

"கைகோத்துக்கிட்டு நிக்க யார் அனுமதி குடுத்தது?"

அப்போதுதான் சுவரில் இருந்த வளிமண்டலப் படம் அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"நைட்ரஜன் எழுபத்தெட்டு. பேஷ்! யாரு இந்த ஆக்சிஜன்? இருபத்தொண்ணுதான் வாங்கியிருக்கு?"

"ஐயா, அது காத்து. காத்துல ஆக்சிஜன் அவ்வளவுதான்."

"எப்பலேர்ந்து?"

"ரொம்பக் காலமாவே ஐயா."

"ரொம்பக் காலமா ஃபெயிலாகிட்டு இருக்கு, நீங்க கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்துட்டு இருந்திருக்கீங்க! இதென்ன, கார்பன் டை ஆக்சைடு ஒண்ணுகூட இல்லையே? பள்ளிக்கூடத்துக்கே வர்றதில்லையா?"

"வருது ஐயா. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டுதான் இருக்கு."

"பாருங்க! அதுக்கு இருக்கிற அக்கறை ஆக்சிஜனுக்கு இருக்கா?"

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர், "நானும் கண்டிச்சுக்கிட்டேதான் இருக்கேன் ஐயா" என்றார். யாரைக் கண்டித்தாரோ!

மறுநாளே டீச்சருக்குக் குறிப்பாணை வந்துவிட்டது. 'தங்கள் பொறுப்பிலுள்ள வளிமண்டலத்தில் ஆக்சிஜன் தொடர்ந்து தேர்ச்சி பெறாமை குறித்துத் தங்களை ஏன் இடமாற்றம் செய்யக் கூடாது என்பதற்கு உரிய விளக்கம் கோரப்படுகிறது.' நான் சிரித்துவிட்டேன். டீச்சர் அழுதுவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆக்சிஜன் முப்பத்தைந்து ஆனால் ஒரு தீப்பொறி போதும், பள்ளிக்கூடமே குபுகுபுவென்று பற்றி எரியும் என்று டீச்சர் விளக்கம் எழுதினார். 'தீ என்பது வேறு துறை' என்று பதில் வந்தது.

தலைமையாசிரியர் ஆக்சிஜனுக்குச் சிறப்பு வகுப்பு ஏற்பாடு செய்தார். பெஞ்சு பெஞ்சாகப் பூந்தொட்டிகளை உட்கார வைத்தார்கள். ஆக்சிஜனை எடுத்துத் தீர்ப்பதே பிள்ளைகள்தான் என்று யாரோ பற்றவைக்க, அவர்களை வெளியே வெயிலில் நிறுத்தினார்கள். அளந்து பார்த்தால் அதே இருபத்தொன்று. என்ன அழுத்தம் பாருங்கள் இந்த ஆக்சிஜனுக்கு!

"நம்ம பசங்க இப்படி மார்க் ஏறாம நின்னா என்ன டீச்சர் பண்ணுவோம்?" என்றார் தலைமையாசிரியர், குரலைத் தாழ்த்தி.

அதையேதான் செய்தோம். பதினான்கு கருணை மதிப்பெண் போட்டோம். படத்தில் ஆக்சிஜன் முப்பத்தைந்து ஆனது. சதவீதம் திரும்ப வந்து கூட்டிப் பார்த்தார்.

"மொத்தம் நூத்துக்கு மேல போகுதே!"

எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"இலக்கையே தாண்டிட்டீங்க! இதல்லவா பள்ளிக்கூடம்!"

இடமாற்றம் ரத்து. டீச்சருக்குப் பாராட்டுச் சான்றிதழ். எல்லாப் பள்ளிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று ஆணை போட்டார்கள். பாடப் புத்தகத்தில் இருபத்தொன்றின் மேல் முப்பத்தைந்து என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நாங்களே உட்கார்ந்து ஒட்டினோம். எங்களுக்கென்ன, டீச்சர் ஊரிலேயே இருந்தாரே.

பொதுத்தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் முப்பத்தைந்து என்று எழுதி மார்க்கை வாங்கிக்கொண்டு போனார்கள். டீச்சரின் மகள் மட்டும் இருபத்தொன்று என்று எழுதினாள். வேதியியலில் முப்பத்துநாலு.

"ஏன்டி இப்படிப் பண்ணின?"

"நீதானேம்மா பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்த? எனக்கு உருப்படியா தெரிஞ்சதே அது ஒண்ணுதான்."

டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

"ஒரே ஒரு மார்க் ஐயா. கருணை மதிப்பெண் போட்டா பொண்ணு கரையேறிடுவா."

சதவீதத்துக்கு உண்மையிலேயே வருத்தம்தான். "அடடா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா மேடம்? உங்களைப் பார்த்து எல்லாப் பள்ளிக்கூடமும் கேட்டாங்க. இந்த வருஷத்துக் கருணை மதிப்பெண் பூராவும் ஆக்சிஜனுக்கே போயிடுச்சே!"

டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"பார்த்து மேடம்" என்றார் அவர் பதறிப்போய். "சதவீதம் குறைஞ்சிடப் போகுது."