வேலம்மாள் வீட்டு வைஃபை

ஒரு காட்டில் எல்லாரும் வேலைக்குப் போனார்கள். கொஞ்சம் படித்தவர்கள் மட்டும் வீட்டில் இருந்தபடியே போனார்கள். அந்தக் கொடுப்பினை முள்ளம்பன்றி வேலம்மாளுக்கும் வாய்த்தது. மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் ஒரு குறைதீர்ப்பு மையம் நடத்துகிறார்கள். குளத்தில் தண்ணீர் இல்லை, மேல்கிளைக் குரங்கு பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தலையில் போடுகிறது என்று விலங்குகள் எழுதி அனுப்பும் புகார்களுக்கு, 'உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று பொறுமையாகப் பதில் எழுத வேண்டும். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. அதற்கு வேலம்மாளைத் தேர்ந்தெடுத்து, புத்தம்புது லேப்டாப் ஒன்றைக் கழுகிடம் கொடுத்து அனுப்பினார்கள்.

அதுவரை அவளும் புருஷன் குருசாமியும் காட்டோரத் தோட்டங்களில் கிழங்கு தோண்டித்தான் வயிற்றைக் கழுவினார்கள். தோட்டக்காரர்கள் மின்வேலி போட்டபிறகு அது உயிரோடு விளையாடுகிற பிழைப்பாகிவிட்டது. போன மாதம் வேலி பட்டு வேலம்மாளின் இடப்பக்கத்து முட்களெல்லாம் கருகிப்போயின. அன்றிலிருந்து குருசாமி அவளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போகிறான். அவன் திரும்பி வரும்வரை அவள் வாசலிலேயே நிற்பாள். இந்த வேலை நிலைத்துவிட்டால் இரண்டு பேருமே வேலிப் பக்கம் தலைவைக்க வேண்டாம். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

லேப்டாப்பைத் திறந்து வீட்டு வைஃபையைத் தொட்டாள். 'இந்த நெட்வொர்க்கின் பாதுகாப்பு பலவீனமானது, இணைய இயலாது' என்றது அது. மறுபடி தொட்டாள். மறுபடியும் அதையே சொன்னது. வந்த அன்றைக்கே புகுந்த வீட்டுத் தண்ணீர் வாடை அடிக்கிறது என்று சொல்லும் மருமகளைப் போல, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

குருசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வைஃபை ரவுட்டர் அவர்கள் கல்யாணமான புதிதில் வாங்கியது. ஒரு நாரை வந்து மாட்டிவிட்டுப் போனதோடு சரி, பிறகு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சாமி அலமாரியில் படத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதன் உடம்பெல்லாம் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பான் குருசாமி. மறுநாள் பார்த்தால் சந்தனம் இருக்காது. சாமி ஏற்றுக்கொண்டுவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொள்வான். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை, இத்தனை வருஷத்தில் நெட் ஒருநாளும் நின்றதில்லை.

"நேத்து வந்தது, நம்ம வீட்டப் பாத்துப் பலவீனம்ங்குதா?" என்றான்.

வேலம்மாள் நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு கிளி. குற்றம் லேப்டாப்பின் மேல் இல்லை என்று அது ஏற்ற இறக்கமில்லாமல் விளக்கியது. ரவுட்டரில் நாரை போட்டுவிட்டுப் போனது அந்தக் காலத்துப் பூட்டு. கொஞ்சம் விவரம் தெரிந்த யாரும் வெளியே நின்றபடியே திறந்துவிடலாம். அந்த மாதிரி வீட்டுக்குள் புது லேப்டாப் காலெடுத்து வைக்காது. அதே ரவுட்டருக்குள் இதைவிட உறுதியான பூட்டும் இருக்கிறது, யாரும் போடவில்லை, அவ்வளவுதான். உள்ளே போய் அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்றது.

உள்ளே போக, ரவுட்டருக்கென்று இருக்கும் தனி பாஸ்வேர்டைப் போட்டாள் வேலம்மாள். தவறு என்று வந்தது. கிளி சொல்லச் சொல்லத் திரும்பத் திரும்பப் போட்டாள். தவறுதான். கிளி அவளை நிறுத்தச் சொன்னது. பிறகு, அதை யாரோ ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள், அதாவது வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று நிதானமாகச் சொன்னது. ரவுட்டரின் பின்புறம் சின்னதாக ஓர் ஓட்டை இருக்கும், ஊசி மாதிரி எதையாவது விட்டு விளக்கு மினுக்கும்வரை அழுத்துங்கள், பழசெல்லாம் அதற்கு மறந்துவிடும் என்றது.

அந்த வீட்டில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் ஊசிக்குப் பஞ்சமில்லை. வேலம்மாள் கருகாத பக்கத்திலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி அழுத்தினாள். ரவுட்டர் தன் வாழ்க்கை முழுவதையும் மறந்தது. பிறகு கிளி சொன்னபடி உறுதியான பூட்டைப் போட்டு, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பாஸ்வேர்டு ஒன்றை வைத்தாள். புருஷனுக்குக்கூடச் சொல்லவில்லை. லேப்டாப் மறுபேச்சில்லாமல் சேர்ந்துகொண்டது. ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருந்தும், சந்தோஷம் தாங்காமல் குருசாமி குழைத்த சந்தனத்தை ரவுட்டருக்குத் தாராளமாகப் பூசினான்.

முதல்நாள் வேலை. திரை முழுக்க மேலதிகாரி யானை கஜவல்லி மேடத்தின் முகம். இரண்டு விதிகள் சொன்னார். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது. வேலை நேரத்தில் நெட் போய்ப் போய் வந்தால் கழுகு வந்து லேப்டாப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும். வேலம்மாள் சரிங்க மேடம் என்று சொல்லி முடிப்பதற்குள் நெட் போனது.

ஓடிப்போய் ரவுட்டரை அணைத்துப் போட்டாள். வந்தது. ஒரு புகாருக்கு 'உங்கள் புகார் எங்களுக்கு' வரைக்கும் எழுதியபோது மறுபடி போனது. மத்தியானத்துக்குள் ரவுட்டர் தோசைக்கல்லாகச் சுட்டது. தும்பிக்கையைத் தூக்கியபடி உறைந்துபோன மேடத்தின் முகம் வெகுநேரம் திரையில் நின்றது. பொழுது சாயும்போது ஒரு செய்தி வந்தது: நாளையும் இப்படி என்றால் கழுகு புறப்படும். குருசாமியும் அதைப் படித்தான். வாசலில் போய் உட்கார்ந்து, வேலியடியில் தோண்டுவதற்காக நகத்தைக் கல்லில் தேய்க்க ஆரம்பித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வேலம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் பின்பக்கத்து வளையில் குடியிருக்கும் நரி பரஞ்சோதி வந்தான். பண்டிகைக்குக்கூட வராதவன். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான், கொடுத்த தண்ணீரைக் குடித்தான், செம்பைக் கீழே வைத்தான்.

"அக்கா, நம்ம நெட்டுக்கு என்ன ஆச்சு?"

அந்த 'நம்ம' வேலம்மாளுக்குச் சுருக்கென்றது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டாள். நரி கூச்சமே இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னான். பழைய பூட்டை அவன் திறந்தது ஒரு நண்டு தின்கிற நேரத்தில். அவனுக்குப் பின்னாலேயே குரங்குக் கூட்டமும் நுழைந்துவிட்டது. ஊரே உள்ளே வந்து டான்ஸ் பார்த்தால், அவன் எப்படி நண்டு சமைக்கிற வீடியோ பார்ப்பது? குரங்குகளை வெளியே தள்ளி, திரும்ப வராதபடி ஒவ்வொன்றுக்கும் தடை போட்டான். வேறு யாரும் எதையும் மாற்றாமலிருக்க ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றினான். மயில் வீட்டில் நெட் வந்து இரண்டும் ஒன்றோடொன்று மோதியபோது, இதை மோதாத சேனலுக்குத் தள்ளி வைத்தான். எல்லாரும் தூங்கும் நேரத்தில் தானாக ஒருமுறை அணைந்து எழுந்திருக்கும்படி செய்தான். ஆயுத பூஜை முடிந்து இவர்கள் கிழங்குக்குப் போனதும் ஜன்னல் வழியாக ஏறி வந்து, காற்றுப் போகும் ஓட்டைகளில் அடைந்த சந்தனத்தைக் குச்சியால் நோண்டி எடுத்துத் துடைத்துவிட்டுப் போவான்.

"மூச்சு முட்டும்லக்கா அதுக்கு," என்றான்.

குருசாமி சாமி படத்தைப் பார்த்தான். நரியைப் பார்த்தான். மறுபடி சாமி படத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

"அப்ப நீ திருடன்தானே?" என்று கேட்டாள் வேலம்மாள்.

"ஆமாக்கா. அதனாலதான் இவ்வளவு கவனமாப் பாத்துக்கிட்டேன். நின்னுபோச்சுன்னா நான் யாருக்குப் போன் போட்டுக் கேக்க முடியும்?"

இவ்வளவு நாளும் வீட்டுக்காரர்கள் செய்ததெல்லாம் ரவுட்டரின் மூக்கை அடைத்தது ஒன்றுதான் என்று நினைக்க அவமானமாக இருந்தது. மேடம் சொன்ன விதி ஞாபகத்துக்கு வந்தது. வெளியே குருசாமி மறுபடி நகம் தேய்க்கும் சத்தம் கேட்டது. வேலம்மாள் பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். நீளம் நன்றாக இருக்கிறது, குரங்கு உள்ளே வராது என்று நரி பாராட்டிவிட்டு, ஒரு குச்சி கேட்டு வாங்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனான்.

மறுநாள் காலையிலிருந்து நெட் ஒரு தடவைகூட அசையவில்லை. வந்த புகார் எல்லாவற்றுக்கும் வேலம்மாள் முக்கியமானது என்று பதில் எழுதி முடித்துவிட்டாள். சாயங்காலம் கஜவல்லி மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நேற்று அப்படி, இன்று இப்படி, யாரை வைத்துச் சரிசெய்தாய் என்று கேட்டார். வேலம்மாளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கழுகு வந்தால் வரட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"பின்வீட்டு நரி, மேடம். ரொம்ப நாளா எங்க நெட்டத் திருடிக்கிட்டு இருந்தவரு. அவருக்குப் பாஸ்வேர்டையும் சொல்லிட்டேன்."

யானை அசையவில்லை. நெட் மறுபடி போய்விட்டதோ என்று வேலம்மாள் பயந்துபோனாள். போகவில்லை. மேடம் மெதுவாகத் திரும்பி, தனக்குப் பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு திரைக்குக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்ல கீரி," என்றார்.

உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற விதியை அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி ஒருமுறை உரக்கப் படித்தார். வேலம்மாள் சரிங்க மேடம் என்றாள். அன்றைக்குக் குருசாமி வேலிப் பக்கம் போகவில்லை.

நீதி: பூட்டை மாற்றுவதற்கு முன், இதுவரை வீட்டைப் பார்த்துக்கொண்ட திருடரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.