செவ்வாய் ஏழில்

டேட்டாபேஸ் பார்க்கிற எவனும் ஒருநாள் அதனால் அழுவான். மற்றவர்கள் ஒபீஸில் அழுதார்கள். நான் பொலிஸ் நிலையத்தில் அழுதேன்.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் அம்மாவோடும் தங்கச்சியோடும் இருந்தேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு கொம்பனியில் டேட்டாபேஸ் வேலை. அது போதாதென்று, என் கெட்டித்தனத்தை உலகம் காண வேண்டும் என்ற அரிப்பில், கொட்டாஞ்சேனையில் கலியாணத் தரகு செய்த மங்கை அக்காவுக்கு ஒரு வெப்சைட் செய்துகொடுக்க ஒப்புக்கொண்டேன். கனடா மாப்பிள்ளைகள் கனடாவில் இருந்தபடியே பெண் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் கனவு.

சிக்கல் எழுத்துருவில் இருந்தது. அக்கா எல்லா விவரங்களையும் பழைய தமிழ் எழுத்துரு ஒன்றில் அடித்து வைத்திருந்தார். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். 'செவ்வாய்' என்பது 'nrt;tha;' என்று நிற்கும். அதையெல்லாம் யூனிகோடுக்கு மாற்ற நான் ஒரு புரோகிராம் எழுதினேன். ஆனால் அக்கா தாளில் பார்த்தால்தான் நம்புவார். ஆகவே இடப்பக்கம் குப்பை, வலப்பக்கம் தமிழ் என்று ஒரு கட்டுத் தாள் அச்சடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். (இரகசிய மொழியையும் அதன் விடையையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்து, கொழும்பின் நடுவால் காவிக்கொண்டு போன ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன்.)

சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். என் பையைத் திறந்த பொலிஸ்காரர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"மேக்க மொகத்த?" இது என்ன என்று கேட்டார்.

என் சிங்களம் பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கும் அளவுக்குத்தான் போதும். "டேட்டாபேஸ், சேர்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"பேஸ்?" அவர் முகம் மாறியது. "எந்த பேஸ்? ஆமியா, எயார்போர்ஸா?"

ஜீப்பில் ஏற்றினார்கள்.

நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் தாள்களை மேசையில் பரப்பினார். மட்டக்களப்பில் வேலை செய்து கொஞ்சம் தமிழ் பழகிய கான்ஸ்டபிள் ஒருவரைக் கூப்பிட்டு வலப்பக்கத்தை வாசிக்கச் சொன்னார். அவர் விரல் வைத்து வாசித்தார்.

"பெண். இருபத்தேழு. செவ்வாய் ஏழில்."

சாதகத்தில் செவ்வாய்க் கிரகம் ஏழாம் வீட்டில் இருந்தால் கலியாணம் இழுபடும் என்பது எங்கள் ஆட்களுக்குப் பால்குடியிலேயே தெரியும். கான்ஸ்டபிளுக்குத் தெரிந்த செவ்வாய் கிழமை மட்டும்தான்.

"அங்கஹருவாதா ஹதட்ட," என்று மொழிபெயர்த்தார். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த வரியில் செவ்வாய் எட்டில். அதற்கடுத்ததில் செவ்வாய் பன்னிரண்டில்.

"ஏழுக்கு, எட்டுக்கு, பன்னிரண்டுக்கு." அவர் எழுந்து என் முன்னால் வந்து நின்றார். "செவ்வாய்க்கிழமை என்ன நடக்கப் போகுது?"

"கலியாணம் நடக்காது, சேர்," என்றேன். அதற்கு மேல் விளக்க எனக்குச் சிங்களம் இல்லை.

கன்னத்தில் ஒன்று விழுந்தது. அப்போதுதான் அழுதேன்.

பிறகு சுவரோரம் இருந்த வாங்கில் இருத்தினார்கள். அங்கே எனக்கு முன்பே ஒருவர் இருந்தார். பெயர் சிவலிங்கம், அட்டன் பக்கம் ஊர், ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்ட்டில் மூட்டை இறக்கும் வேலை. கொழும்பில் தங்கும் தமிழர் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவு இல்லையென்று முதல்நாள் பிடித்தார்களாம். வீங்கிய உதட்டோடு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நீங்க படிச்சவரு, எப்படியும் விட்டுருவாங்க. வெளிய போனா எங்க முதலாளிக்கு ஒரு கோல் குடுங்கண்ணே. நான் அவருகிட்டதான் வேலை செய்யிறேன்னு வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

முதலாளியின் நம்பரைச் சொன்னார். நான் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொழுதுபடும் நேரம் மங்கை அக்கா வந்து சேர்ந்தார். நான் வரவில்லையென்று எங்கள் வீட்டுக்குப் போன் அடித்து, அம்மாவின் குளறலைக் கேட்டு, நிலையம் நிலையமாகத் தேடியிருக்கிறார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய சிங்களத்துக்கு முன் இன்ஸ்பெக்டரே கொஞ்சம் ஒதுங்கி நின்றார்.

"மஹத்தயா, அது கிழமை இல்லை. கிரகம். குஜ தோஷம்!" சிங்களத்தில் செவ்வாய்க் கிரகத்துக்குக் குஜ என்றுதான் பெயர்.

இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார், தன் நங்கிக்கும், அதாவது தங்கச்சிக்கும், அதுதானாம், முப்பத்திரண்டு வயதாகியும் ஒன்றும் சரிவரவில்லையாம்.

அக்கா கைப்பையைத் திறந்து பேனையை எடுத்தார். "பிள்ளையின்ர நட்சத்திரம் என்ன?" (அதையும் சிங்களத்தில்தான் கேட்டார்.)

என்னை விட்டார்கள். சிவலிங்கம் வாங்கிலேயே இருந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது தலையை ஒருதரம் ஆட்டினார்.

வெளியே வந்ததும் அக்காவின் போனை வாங்கி அந்த நம்பருக்கு அடித்தேன். ஒருவர் எடுத்தார். சிவலிங்கம் என்று நான் சொல்லி முடிக்கவில்லை.

"அப்படி யாரும் இங்க வேலை செய்யல, தம்பி," என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். போன் நிறுத்தப்பட்டிருந்தது. அவர் குரலில் இருந்த நடுக்கம் எனக்குப் புதிதல்ல. அந்த நடுக்கத்தோடுதான் நானும் நின்றேன்.

"விடும் தம்பி, எல்லாருக்கும் பயம்," என்றார் அக்கா.

திங்களன்று டேட்டாபேஸில் 'செவ்வாய்' என்ற நிரலின் தலைப்பைக் 'குஜன்' என்று மாற்றினேன். பொலிஸ் அடித்துத் திருத்திய டேட்டாபேஸ் கொழும்பில் வேறெதுவும் இருந்திருக்காது.

வீட்டில் இன்றைக்கும் எதற்காவது நாள் குறித்தால் தங்கச்சி விடமாட்டாள். "செவ்வாய் ஏழுக்கோ, அண்ணா?" என்பாள். அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிப்பார். 'கலியாணம் நடக்காது, சேர்' என்ற இடத்தை நானே நடித்துக் காட்டுவேன்.

ஒருமுறை மட்டும் சிவலிங்கத்தையும் கதையில் சேர்த்தேன். அம்மா எழுந்து குசினிக்குப் போனார். தங்கச்சி டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.